டோல்கேட்டுக்கு வாருங்கள் தோழர்களே, நம் எட்டு மணி நேரத்தை மீட்போம்!



பன்னிரண்டு மணி நேர வேலை வரப்போகிறது, உஷாராக இருங்கள் என்று மேடை மேடையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நம் வடசென்னை டோல்கேட்டில் விடிகாலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். "வரப்போகுதா? நான் எத்தினி வருஷமா அதைத்தான் பண்ணிக்கினு இருக்கேன் தோழர்" என்பார். சட்டத்தில் எட்டு, வருகைப் பதிவில் எட்டு, உடம்பில் மட்டும் பன்னிரண்டு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இதுதான் நிலைமை. நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட் தொழிலாளி, டிரெய்லர் டிரைவர், துணிக்கடைப் பெண், ராத்திரி பதினொன்றுக்கும் லேப்டாப்பை மூட முடியாத நம் வீட்டுப் பிள்ளை எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த அழைப்பு.

2023 ஏப்ரல் 21-ஐ முதலில் நினைவுபடுத்துகிறேன். சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகள் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 65ஏ என்று ஒரு புதுப் பிரிவு. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு, வார விடுமுறை, நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்ற தடை, ஐந்து மணி நேரம் உழைத்தால் அரை மணி ஓய்வு, இடைவேளையையும் சேர்த்துப் பத்தரை மணி நேரத்துக்குள் ஆளை வெளியே விட்டுவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு, கடைசியாக, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். இவ்வளவிலிருந்தும் ஒரு ஆலைக்கோ ஒரு தொகுதி ஆலைகளுக்கோ விலக்குத் தர அரசுக்கு அதிகாரம் கொடுத்தது அந்த ஒரே பிரிவு. எல்லாருக்கும் இல்லை, விரும்புகிறவர்களுக்குத்தான் என்று அமைச்சர்கள் சமாதானம் சொன்னார்கள். விருப்பமாம்! கான்ட்ராக்டரிடம் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டு மறுநாள் அதே கேட்டுக்குள் நுழைந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

ஆளுங்கட்சியோடு கூட்டணியில் இருந்த கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. சங்கங்கள் கொடி நிறம் பார்க்காமல் எதிர்த்தன. 24-ஆம் தேதி பேச்சுவார்த்தைக்குப் பிறகு மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் அன்றைய முதலமைச்சர் அதை வாபஸ் பெற்றதாக அறிவித்தார். பத்தே நாள். இதே சென்னைக் கடற்கரையில் 1923-ல் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அதற்குச் சரியாக நூறு வருஷம் கழித்துக் கிடைத்த வெற்றி அது.

ஆனால் வாபஸ் ஆனது மசோதா மட்டும்தான். ஷிஃப்ட் வாபஸ் ஆகவில்லை.

எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். எட்டு மணி நேரம் முடிகிற சமயத்தில் சூப்பர்வைசர் வருவார். "போய் பஞ்ச் பண்ணிட்டு வந்துடு." தொழிலாளி வாசலுக்குப் போய் மெஷினில் முகத்தைக் காட்டி வெளியேறியதாகக் கணக்கு வைத்துவிட்டு, அதே வாசல் வழியாகத் திரும்ப உள்ளே போய் மெஷின் முன்னால் நிற்பார். மீதி நான்கு மணி நேரம் எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்காது. சூப்பர்வைசரின் சட்டைப் பையில் இருக்கும் சின்ன நோட்டில், பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டு 'ஒன்றரை' என்று எழுதியிருக்கும். அந்த நான்கு மணி நேரத்தில் கை போனால், விரல் போனால், அந்த ஆள் அந்த நேரத்தில் ஆலைக்குள் இல்லவே இல்லை என்று அவர்களுடைய மெஷினே சாட்சி சொல்லும்.

இந்த ஒன்றரை டூட்டிக்கு எவ்வளவு கூலி? கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 75. வாரம் ஆறு நாளும் வேலைக்குப் போகிறவர் அதற்கு மேல் செய்கிற ஒவ்வொரு மணிக்கும் சட்டப்படி இரட்டை, அதாவது 150. நான்கு மணிக்கு 600. மொத்தம் 1,200 கைக்கு வரவேண்டும். வருவது 900. 'ஒரு டூட்டிக்கு அறுநூறு, அரை டூட்டிக்கு முந்நூறு, சரியாப்போச்சு' என்று சொல்லிவிடுகிறார்கள். சரியாகப் போகவில்லை, நாளுக்கு 300 ரூபாய் போச்சு. மாதத்தில் 20 நாள் ஒன்றரை பார்த்தால் 6,000 ரூபாய். இது வீட்டு வாடகை தோழர்களே. இந்த மாதத்துச் சம்பளத்தை உங்கள் வீட்டு நோட்டில் நீங்களே இப்படி ஒருமுறை பிரித்துப் போட்டுப் பாருங்கள். அப்புறம் இந்த அழைப்பின் மீதியைப் படியுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. ஓ.டி. காசுக்கு பி.எஃப். பிடிப்பதில்லை. கிராஜுவிட்டி கணக்கில் ஓ.டி. சேராது. போனஸ் கணக்கிலும் சேராது. இருபது வருஷம் ஒன்றரை ஒன்றரையாகப் பார்த்து முதுகெலும்பு தேய்ந்த ஆள் வேலையை விட்டு இறங்கும்போது, எட்டு மணி நேரம் மட்டும் பார்த்தவருக்கு என்ன கிடைக்குமோ அதேதான் அவருக்கும்.

இங்கே ஒரு பதில் வரும் என்று எனக்குத் தெரியும். எந்த வாயில் கூட்டத்திலும் வருகிற பதில்தான். "ஓ.டி. இல்லாம எப்படி தோழர் குடும்பம் ஓடும்? நீங்க வந்து அதையும் நிறுத்திடப் போறீங்களா?" இதைக் கேட்கிறவர் எதிரி இல்லை. அவர் சொல்வது உண்மை. ஸ்கூல் ஃபீஸ், மகளிர் குழுக் கடன், இருசக்கர வண்டியின் மாதத் தவணை எல்லாம் ஓ.டி.யை நம்பித்தான் நிற்கின்றன. எட்டு மணி நேர வேலைக்குக் குடும்பம் நடத்துகிற அளவுக்குக் கூலி இல்லை என்பதால்தான் பன்னிரண்டு மணி நேரத்தை நாமே வாயால் கேட்டு வாங்கும்படி ஆகிவிட்டது. அடிப்படைக் கூலியை அமுக்கி வைத்திருப்பதே இதற்காகத்தான் என்பது என் கருத்து. ஆகவே கோரிக்கையை நாம் இரண்டாகப் பிரிக்கக்கூடாது. எட்டு மணி நேரம் என்று கேட்கும்போதே எட்டு மணி நேரத்துக்கு வாழ்கிற கூலி என்றும் கேட்கவேண்டும். அது கிடைக்கும் வரைக்கும், செய்கிற ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் ஒரு ரூபாய் குறையாமல். ஓ.டி.யை மட்டும் நிறுத்து என்று கொடி பிடித்தால் நம் ஆட்களே நம்மைத் திட்டுவார்கள், திட்டவும் வேண்டும்.

இனி, ஆலைக்கு வெளியே இருக்கிற நேரம்.

நம் பகுதியிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம். போக ஒன்றரை, வர ஒன்றரை, அதுவும் டிராஃபிக் தயவு வைத்தால். பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் அடுத்த ஷிஃப்டிடம் வேலையை ஒப்படைப்பதுமாக அரை மணி. பதினைந்தரை மணி நேரம் போனது. ஏழு மணி நேரம் தூங்கினால் மிச்சம் ஒன்றரை மணி. குளிப்பது, சாப்பிடுவது, கடைக்குப் போவது, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, பிள்ளையின் ஹோம்வொர்க்கைப் பார்ப்பது, பெண்டாட்டியோடு நாலு வார்த்தை பேசுவது எல்லாம் அந்த ஒன்றரை மணிக்குள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் டோல்கேட்டைத் தாண்டி விம்கோ நகர் வரைக்கும் வந்தபோது நேரம் மிச்சமாகும் என்று சந்தோஷப்பட்டோம். ஆகத்தான் செய்தது. மிச்சமான நேரம் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததா, கம்பெனிக்குப் போனதா?

பெண்களின் கணக்கு இன்னும் மோசம். எம்.சி. ரோடு துணிக்கடைகளில் வேலை பார்க்கிற தங்கைகளைக் கேளுங்கள். உட்கார நாற்காலி கொடு என்பதற்கே இந்த மாநிலத்தில் 2021-ல் தனியாக ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவரவேண்டியிருந்தது. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அது இருக்கிறது. நாற்காலி எத்தனை கடையில் இருக்கிறது என்பதை அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்குக் கால் வீங்கி வீட்டுக்கு வந்தால், அடுத்த டூட்டி அடுப்படியில் காத்திருக்கும். தண்ணீர் லாரி வருகிற தினம் என்றால் விடியற்காலையிலேயே குடத்தோடு எழுந்திருக்க வேண்டும். அரசு கொடுத்த இலவசப் பஸ் பயணம் காசை மிச்சப்படுத்தியது, நல்லது. நேரத்தை மிச்சப்படுத்த யார் இருக்கிறார்கள்? இந்த இடத்தில் ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனியிடம் எட்டு மணி நேரம் கேட்டு வாங்கிவந்து, மிச்ச நேரத்தை டீக்கடை பெஞ்சில் செலவழிப்பதற்காக இந்தப் போராட்டம் இல்லை. குடத்தைத் தூக்க உங்களுக்கும் கை இருக்கிறது.

எண்ணூர் விரைவுச் சாலையில் மணலி பக்கமிருந்து ராயபுரம் ஜீரோ கேட் வரைக்கும் வால் பிடித்து நிற்கிற டிரெய்லர்களைப் பார்க்காதவர் நம் பகுதியில் இல்லை. டிராஃபிக் ஜாம் என்று நாம் சலித்துக்கொள்கிறோம். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு ஆள் இருக்கிறார். சம்பளம் டிரிப் கணக்கு. சக்கரம் உருண்டால்தான் காசு. வரிசையில் நிற்கிற நேரத்துக்கு ஒன்றுமில்லை. கேபினிலேயே சோறு, கேபினிலேயே தூக்கம், கண்ணாடியில் துண்டைக் கட்டி வெயிலை மறைத்துக்கொண்டு. வரிசை நகரும்போது தூங்கிவிட்டால் இடம் போய்விடும் என்பதால் தூங்கியும் தூங்காமலும். 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டு டிரைவருக்கும் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்று எழுதிவைத்தார்கள். அப்படி ஒரு சட்டம் இருந்ததே அந்தக் கேபினில் யாருக்கும் தெரியாது. துறைமுகத்தில் சரக்கு எத்தனை டன் கையாளப்பட்டது என்று வருஷா வருஷம் பெருமையோடு அறிவிக்கிறார்கள். அந்தச் சரக்குக்காக டிரைவர்கள் ரோட்டில் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்றும் அறிவிக்கட்டும்.

திருவொற்றியூர், எண்ணூர்ச் சந்துகளில் ஒற்றை அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார், அசாம், வங்காளத் தொழிலாளர்களைப் பற்றி நம்மில் சிலர் வேறு மாதிரிப் பேசுகிறோம். பகல் ஷிஃப்ட் ஆள் எழுந்து போனதும் ராத்திரி ஷிஃப்ட் ஆள் வந்து அதே பாயில் படுக்கிறார். "அவனுங்க பன்னிரண்டு மணி நேரம் செய்றதாலதான் நமக்கு வேலை இல்லை" என்கிறோம். செய்யச் சொல்கிறவன் யார்? 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் செத்தார்கள். ஊர் விட்டு ஊர் வந்து உழைத்தவர்கள். இந்த விபத்துக்கு வேலை நேரம்தான் காரணம் என்று ஆதாரமில்லாமல் நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த மண்ணில் செத்தவர்களை அந்நியர் என்று எவன் சொன்னாலும் அவன் தொழிற்சங்கத்துக்காரன் இல்லை. நம் துண்டறிக்கை இந்த முறை இந்தியிலும் ஒடியாவிலும் வரும். அதற்காக யாராவது முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும்.

வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளே, உங்களையும் விடப்போவதில்லை. உங்கள் அப்பா ஆலைச் சங்கில் வேலை முடித்தார். உங்களுக்குச் சங்கே இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் ராத்திரி பத்தரைக்கு ஒரு கேள்விக்குறி போடுகிறார். பதில் போடாதவர் பெயர் மறுநாள் மீட்டிங்கில் வருகிறது. வேலை நேரம் முடிந்தபின் போனை அணைத்துவைக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-ல் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தது, ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டில். இங்கே நாடாளுமன்றத்தில் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களுக்கு வழக்கமாக என்ன ஆகுமோ அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்குச் சங்கம் வேண்டாம், அது அழுக்குச் சட்டைக்காரர்களின் சமாச்சாரம் என்று சொல்லித்தான் உங்களை வேலைக்கு எடுத்தார்கள். இப்போது யோசியுங்கள்.

இதற்கிடையே மேலே இருப்பவர்களின் உபதேசம் வேறு. 2023-ல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் வரை போனார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்ற பொருளில் பேசினார். நம் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம் வைத்திருக்கிற நிறுவனம் அது. 90 மணி நேரத்தை ஆறு நாளுக்குப் பங்குபோட்டால் நாளுக்குப் பதினைந்து. வீட்டு வேலைக்கு ஆளும் வாசலில் காரும் இருக்கிறவர் பதினைந்து மணி நேரம் ஆபீசில் இருப்பதும், வெல்டிங் புகைக்குள் ஒருவர் பதினைந்து மணி நேரம் நிற்பதும் ஒன்றா?

உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயில் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். நீண்ட நேர வேலையால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016 என்ற ஒரே வருஷத்தில் உலகம் முழுக்க இறந்தவர்கள் ஏறக்குறைய 7,45,000 பேர். ஒன்றரை டூட்டி ஆறு நாள் பார்த்தால் 72 மணி நேரம். நாம் அந்த 55-ஐத் தாண்டி எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம்.

இந்த ஊருக்கு நேரத்துக்காகப் போராடத் தெரியாதா? இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமே நேரத்தை வைத்துத்தான் இங்கே பிறந்தது. பெரம்பூர் பி அண்டு சி மில்லில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கை கழுவி, சோறு தின்று, ஓடி வந்து மெஷின் முன்னால் நிற்கவேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் வாசல் சாத்தியிருக்கும். அந்தப் புலம்பலைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரண்டு சிறு வியாபாரிகள். அவர்கள் பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது; திரு.வி.க. அதில் தோள் கொடுத்தார். சாப்பாட்டு இடைவேளையைக் கூட்டிக் கொடு என்பது அவர்களுடைய ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று. இன்றைக்கு அது சின்ன விஷயமாகத் தெரியலாம். மனுஷன் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று கேட்டுத் தொடங்கிய போராட்டங்களில் வேலை போனது, கதவடைப்பு வந்தது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. பிறகு 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்த அம்பேத்கர் காலத்தில்தான் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற திருத்தம் கொண்டுவரப்பட்டது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் அதை நிலைநிறுத்தியது.

இப்போது அந்த 1948 சட்டம் போய்விட்டது. ஒன்றிய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். அவசரம் அவசரம் என்று நான் கத்துவது இதனால்தான். புதிய தொகுப்பில் நாளுக்கு எட்டு மணி நேரம் என்றுதான் எழுதியிருக்கிறது. படித்தால் நல்லதாகவே தோன்றும். ஆனால் இடைவேளை எவ்வளவு, காலையில் உள்ளே போனவரை மொத்தம் எத்தனை மணி நேரத்துக்குள் வெளியே விடவேண்டும் என்பதைப் பழைய சட்டம் தானே எழுதி வைத்திருந்தது; புதிய தொகுப்பு அதை அரசின் அறிவிப்புக்கு விட்டுவிட்டது. அறிவிப்புக்குச் சட்டமன்றம் தேவையில்லை, விவாதம் தேவையில்லை, வெளிநடப்புக்கும் இடமில்லை. ஒரு நாள் ராத்திரி அரசிதழில் வந்துவிடும். மின்சாரத்தோடு இயங்கும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்பது பழைய கணக்கு; இப்போது இருபது பேர் வேண்டும். நம் பகுதியின் லேத் பட்டறைகளில் பாதி இதோடு வெளியே போகும் என்பது என் மதிப்பீடு.

நான்கு நாள் வேலை, மூன்று நாள் லீவு என்று ஒரு இனிப்பும் காட்டுகிறார்கள். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், நான்கு நாளில் அதே 48. வெளிநாட்டில் இப்படித்தான் என்று சிலர் சொல்கிறார்கள். ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 பேரை வைத்துப் பார்த்தது வேறு. அங்கே 40 மணி நேரத்தை 35, 36 ஆகக் குறைத்தார்கள், சம்பளத்தில் கைவைக்காமல். இங்கே ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. அந்த மூன்று நாளில் அடுத்த கான்ட்ராக்டரிடம் போய் நிற்கவேண்டிய கூலியை வைத்துக்கொண்டு லீவு என்று பெயர் சொல்கிறார்கள்.

கையில் ஆயுதம் இல்லையா? இருக்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் புதிய தொகுப்பிலும் இருக்கிறது. தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் ஓ.டி. வாங்கக்கூடாது என்பதும் இருக்கிறது. நியமனக் கடிதம் தரவேண்டும் என்றும் இருக்கிறது. அவர்கள் போட்ட சட்டத்தை அவர்கள் முன்னாலேயே விரித்துவைப்போம். கொரோனா காலத்தில் குஜராத் அரசு பன்னிரண்டு மணி நேரமாக்கி, இரட்டைச் சம்பளமும் கிடையாது என்று அறிவித்ததை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று ரத்து செய்தது. 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே நின்றார்கள். சங்கமே கூடாது என்ற இடத்தில் 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. நின்றால் நடக்கிறது தோழர்களே.

ஆகவே இன்று ராத்திரியிலிருந்தே ஒரு காரியத்தைத் தொடங்குங்கள். பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுங்கள். தேதி, உள்ளே போன நேரம், பஞ்ச் செய்த நேரம், உண்மையில் வெளியே வந்த நேரம், கைக்கு வந்த காசு. தினமும் எழுதுங்கள். பக்கத்து மெஷின் ஆளையும் எழுத வையுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நீங்கள் எழுதுங்கள். சூப்பர்வைசர் பையில் இருக்கும் நோட்டுக்கு எதிராக நம் வீட்டில் ஆயிரம் நோட்டு இருக்கட்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் புகார் போகும்போது வெறும் கோஷம் போகக்கூடாது, கணக்கு போகவேண்டும். தனியாகக் கொடுக்காதீர்கள், பழிவாங்குவார்கள். சங்கத்தின் பெயரில், கட்டாகக் கொடுப்போம்.

கோட்டையில் எந்தக் கட்சி உட்கார்ந்திருந்தாலும் அதனிடம் நாம் கேட்பது இது: பத்தரை மணி நேர உச்சவரம்பை மாநில அறிவிப்பில் அப்படியே எழுது. ஒரு அரை மணிகூட நீட்டாதே. பஞ்ச் செய்த பிறகு ஆளை உள்ளே வைத்திருக்கும் ஆலை மீது வழக்குப் போடு. துறைமுக வரிசையில் நிற்கும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடு. கடைகளில் நாற்காலி இருக்கிறதா என்று ஆய்வாளரை அனுப்பு, முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லாமல் அனுப்பு.

வரும் ஞாயிற்றுக்கிழமை டோல்கேட்டில் கூடுகிறோம். எல்லோருக்கும் ஞாயிறு லீவு இல்லை என்பது தெரியும், அதனால் இரண்டு கூட்டம். மதிய ஷிஃப்டும் ராத்திரி ஷிஃப்டும் போகிறவர்கள் காலை 10 மணிக்கு வாருங்கள். காலை ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் மாலை 5 மணிக்கு. துணிக்கடைத் தங்கைகள் வர முடியாது, அன்றைக்குத்தான் அவர்களுக்கு வியாபாரம் அதிகம். அவர்களுக்காகத் திங்கள் காலை கடை திறக்கும் முன்பு எம்.சி. ரோட்டுக்கு நாங்களே வருகிறோம். டிரெய்லர் தோழர்களுக்கு வரிசையிலேயே துண்டறிக்கை வரும். சீருடையோடு வாருங்கள், டிபன் பாக்ஸோடு வாருங்கள், வீட்டுக்காரரோடோ வீட்டுக்காரியோடோ, பிள்ளைகளோடும் வாருங்கள், எழுதிய நோட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். மேடையில் தலைவர்கள் வரிசை கிடையாது. ஒவ்வொரு ஆலையிலிருந்தும் ஒருவர், அவரவர் நேரக் கணக்கை மட்டும் படிப்பார். ஒவ்வொரு கூட்டமும் ஒரு மணி நேரம்தான்: காலையில் பதினொன்றுக்கும் மாலையில் ஆறுக்கும் மைக்கை அணைத்துவிடுவோம்.